என் நீளத்துக்கு ஒரு சீற்

சத்தம் கேட்டதும் பாதையடியில் நின்ற எல்லோரும் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். நானும் விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பி, மண்ணைத் தட்டி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழும்பவில்லை.

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ரோட்டு இல்லை. வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற இரும்பு மிதவைக்குத்தான் அந்தப் பெயர். குருக்கள்மடத்தில் இருந்து அக்கரைக்கு நாங்கள் அதில்தான் போகவேண்டும். அன்றைக்கு நான் ஓடுகிற வானை (வேன்) அந்தப் பாதையில் ஏற்ற முதல் ஒரு சில்லை மாற்றிக்கொண்டிருந்தேன். மரை இறுகிக் கிடந்தது. குனிந்த வாக்கில் எக்கி ஓர் இழுவை இழுத்தேன். நாரிக்குள் ஏதோ 'டக்' என்றது. கையில் இருந்த ஸ்பேனர் பாதையின் இரும்புத் தட்டில் விழுந்தது. சண்டைக்காலத்தில் இரும்பு இரும்பில் விழுந்தால் எங்கள் ஆட்கள் விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். படுத்துவிட்டுத்தான் விசாரிப்பார்கள்.

எனக்கு வெடி பட்டுவிட்டது என்று நினைத்துச் சட்டையைத் தூக்கி இரத்தம் தேடினார்கள். இரத்தம் இல்லை என்றதும் அவர்களுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா கிடக்கிறான் போல என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் வானைச் சந்தேகப்பட்டேன். உடைந்தது அச்சு என்று நினைத்து, கிடந்த கிடையிலேயே வானின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அச்சு நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுகிறவன்தான் உடைந்திருந்தான்.

நாரி என்றால் எங்கள் பேச்சில் இடுப்பின் பின்பக்கம். பழைய தமிழில் நாரி என்றால் பெண் என்று என் வானில் வந்துபோகிற ஒரு வாத்தியார் சொன்னார். வீட்டுக்குப் போய் என் மனைவி தவமணிக்கு இதைச் சொன்னேன். "ரெண்டாலயும் உங்களுக்கு நோவுதானே" என்றாள்.

இதை எழுதுவது நாரி போனவர்களுக்கு. அதிலும் என்னைப் போல் நீளமாக வளர்ந்து, வாகனம் ஓட்டித்தான் சாப்பிடவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. நான் டொக்டர் இல்லை. பள்ளிக்கூடத்து மேசைக்குக் கீழே என் கால் கொள்ளவில்லை என்பதால் ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவன். பிழை மேசையில்தான், தலையில் இல்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என் உயரம் ஆறடிக்கு மேலே மூன்று அங்குலம். ஊரில் நெடுவல் என்றால்தான் என்னைத் தெரியும். ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் ஆம்பிளைகள் எல்லோரையும் வெயிலில் வரிசையாக விடுவார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனைக் கொண்டுவந்து ஆள் காட்டச் சொல்வார்கள். வரிசையில் நிற்பவர்கள் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். நான் ஒளிக்கிறதென்றால் எனக்கு முன்னால் ஒரு பனைமரம் நிற்கவேண்டும். அதனால் கூனிக் கூனி நடந்து பழகினேன். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்று பிறகு டொக்டர் கேட்டபோது, உயிர்ப்பயம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வானுக்குள்ளும் அதே கூனல்தான். அந்த வானில் சீற் முன்சில்லுக்கு மேலே இருந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் ஏறி நிற்கும். தலை கூரையில் முட்டும் என்று கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஓடுவேன். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் வட்டைக்குள்ளே (வயல்வெளிக்குள்) இருக்கிற ஊர்களில் இருந்து பிள்ளைப்பேற்றுக்காரிகளையும் காய்ச்சல்காரர்களையும் பாதையடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவருவதுதான் என் தொழில். என் வானில் ஏறி வந்த நோயாளிகள் எல்லாம் இறங்கும்போது என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பெல்லாம் நல்லம் என்றார். பிறகு கட்டிலில் மல்லாத்தி, முழங்கால் மடங்காமல் என் இடக்காலை மெல்லத் தூக்கினார். பாதி தூக்க முதல் குதியில் இருந்து நாரி வரை கரண்ட் அடித்தது. டிஸ்க் (முள்ளந்தண்டுக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற சவ்வு) பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்றார். காலுக்கு ஓடுகிற அந்த வலிக்குச் சயாட்டிக்கா (இடுப்பில் தொடங்கிப் பாதம் வரை போகிற பெரிய நரம்பின் நோவு) என்று பெயராம்.

நான் நம்பவில்லை. படத்தில் இல்லாத நோயைக் காலைத் தூக்கிக் கண்டுபிடித்தேன் என்றால் எப்படி நம்புவது? எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் படத்தில் இருக்கிறவனே அது நான் இல்லை என்றுதான் சொல்வான்.

வார்ட்டில் ட்ரக்ஷன் (காலில் பாரம் கட்டி முதுகை இழுத்து வைப்பது) போட்டார்கள். இருக்கிற நீளம் போதாதென்று இன்னும் இழுக்கிறார்களே என்று தவமணி கவலைப்பட்டாள். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலில் பக்கத்துக் கட்டில்காரர் தன் துவாயைக் காயப்போட்டார்.  அந்த வார்ட்டில் என் காலுக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

வீட்டுக்கு விடும்போது இடுப்பில் கட்ட ஒரு சாமான் தந்தார்கள். அகலமான தடித்த துணி, பின்பக்கம் இரும்புத் தகடுகள் வைத்துத் தைத்தது, முன்பக்கம் கயிறு போட்டு இறுக்குவது. நர்ஸ் அதைப் பெல்ட் என்றா. நானும் பெல்ட் என்று பழகிக்கொண்டேன்.

அந்தப் பெல்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு பஸ்சில் ஊருக்கு வந்தேன். வழியில் சென்றியில் (சோதனைக் காவலரணில்) எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். என்னைத் தடவிப் பார்த்த ஆமிக்காரன் சின்ன வயதுக்காரன். அவன் கை என் முதுகில் இரும்பில் முட்டி நின்றது. "மே மொகத?" (இது என்ன) என்று கேட்டான்.

"பெல்ட்" என்றேன்.

அந்தச் சாமானுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், சட்டைக்குள் இரும்பு தட்டுப்பட்ட பிறகு ஒரு தமிழன் சொல்லக்கூடாத ஒரே சொல்லும் அதுதான்.

தற்கொலைக் குண்டு என்று நினைத்து அவன் பின்னால் பாய்ந்த வேகத்தில் தொப்பி விழுந்தது. துவக்குகள் நிமிர்ந்தன. பஸ்சில் வந்தவர்கள் ஓடினார்கள், சிலர் படுத்தார்கள். கையைத் தூக்கு என்று கத்தியது விளங்கியது. தூக்கினேன். அரைவாசி போனதும் நாரி பிடித்துக்கொண்டது. நாரி பிடித்தவனின் கை தானாக எங்கே போகும்? இடுப்புக்குத்தான். அங்கேதான் பெல்ட் இருந்தது. என் மூளை மேலே போ என்றது, கை கீழே போனது, இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டு, இதோடு என் நோய் பூரணமாகச் சுகமாகப் போகிறது என்று நினைத்தேன்.

பஸ்சில் வந்த ஒரு நர்ஸ்தான் ரோட்டில் படுத்த வாக்கிலேயே, "மாத்தயா, கொந்தே அமாருவ" என்று கத்தினா. சிங்களத்தில் முதுகு வருத்தம் என்று கருத்து. இரண்டு விரலால் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அதிகாரி ஒருவர் கிட்ட வந்து, தடியால் துணியைத் தட்டிப் பார்த்தார். பிறகு கையால் காட்டினார்: இதை உள்ளே கட்டாதே, வெளியே கட்டு.

அன்றில் இருந்து சட்டைக்கு மேலேதான் கட்டினேன். சட்டைக்கு மேலே பாவாடை உடுத்தமாதிரி இருக்கிறது என்று தவமணி சொன்னாள். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிட என்னைப் பார்த்தவர்கள் கூட. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சாமான் தந்தால் முதலில் அதன் பெயரைக் கேளுங்கள். பிறகு நீங்கள் போகிற வழியில் அந்தப் பெயருக்கு வேறு கருத்து உண்டா என்று பாருங்கள்.

இரண்டாம் தரம் போனபோது டொக்டர் என் இடது கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அமத்தினார். விரல் தோற்றது. அவர் முகம் மாறியது.

"வான் ஓடுறீங்களா இன்னும்?"

"ஓடாட்டிச் சாப்பாடு இல்ல டொக்டர்."

"இப்பிடியே அந்த வானில ஓடினா ஃபுட் ட்ரொப் வரும் (பாதம் தொய்ந்து, நடக்கும்போது விரல் நிலத்தில் இழுபடுவது). மறுகா கிளச் மிதிக்க ஏலாது. நிமிந்து இரிக்கக்கூடிய ஒரு வாகனம் பாருங்க. இல்லாட்டி ஓட்டத்தை விடுங்க."

எல்லோருக்கும் இதைத்தான் சொல்வாரோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் விரல் என்னுடையது. அது பொய் சொல்லாது.

நிமிர்ந்து இருக்கிற வாகனம் மட்டும் போதாது. மாரி தொடங்கினால் அக்கரையில் ரோட்டுக்கும் வயலுக்கும் வித்தியாசம் இல்லை. நான்கு சில்லும் இழுக்கவேண்டும். அதை எங்கள் பக்கத்தில் போர்வீல் என்பார்கள். போர் நடக்கிற இடத்தில் போர்வீல் தேடித் திரிகிறவனை எந்தப் பக்கத்தார் சும்மா பார்ப்பார்கள்? நிமிர்ந்து இருக்கத்தான் தேடுகிறேன் என்று சொன்னால் அதற்கும் வேறு கருத்து எடுப்பார்கள்.

புரோக்கர் யோகனைப் பிடித்தேன். அவனிடம் விற்பனைக்கு இருந்த வாகனம் எல்லாமே ஒரு பாதர் (கிறிஸ்தவக் குருவானவர்) ஓடினதுதான். மெதுவாக ஓடுவார்கள், சண்டைக்குக் கொண்டுபோகமாட்டார்கள், சென்றியில் மறிக்கமாட்டார்கள் என்பதால் பாதர்மார் ஓடின வாகனத்துக்கு மதிப்பு அதிகம். யோகன் சொன்ன அவ்வளவு பாதர்மாரும் எங்கள் மாவட்டத்தில் இருந்திருந்தால் நானும் எப்பவோ ஞானஸ்நானம் எடுத்திருப்பேன்.

முதலில் காட்டியது தீப்பெட்டி அளவில் ஒரு ஜீப். மடிந்து ஏறினேன். இறக்குவதற்கு யோகனும் வீட்டுக்காரரும் வேண்டியிருந்தார்கள். அடுத்தது பழைய நீளமான ஒன்று. தலைக்கு இடம் இருந்தது. ஆனால் சீற்றின் முதுகு பின்சுவரோடு செங்குத்தாக ஒட்டிக்கிடந்தது, கிளச் உலக்கை மாதிரி. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் இடக்கால் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒன்று கண்ணுக்கு அழகாக இருந்தது. சீற்றும் மோசமில்லை. கதவில் கையை வைத்துத் தடவினேன். பெயின்ற்றுக்கு அடியில் சின்னச் சின்ன வட்டமாக மேடு தட்டுப்பட்டது. ஓட்டைகளை அடைத்து மினுக்கியிருந்தார்கள். பாதருக்கு அம்மை போட்டதோ என்று யோகனிடம் கேட்டுவிட்டு நடந்தேன்.

நாரி போனவர்கள் பழைய வாகனம் பார்க்கப் போனால் செய்யவேண்டியதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஏறின உடனே நல்லம் என்று சொல்லாதீர்கள். எந்தச் சீற்றும் முதலில் நல்லபிள்ளைதான். ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற மட்டும் அதில் இருங்கள். கிளச்சை அடிவரை மிதியுங்கள். மிதிக்கும்போது குண்டி சீற்றில் இருந்து எழும்பினால் அது உங்களுக்கு உரியது இல்லை. ஸ்டியரிங்கும் பெடலும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில வண்டியில் கால் ஒரு பக்கமும் மார்பு ஒரு பக்கமுமாக முறுகிக்கிடக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடிப்பாருங்கள். இறங்கியதும் காலில் விறைப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். விற்கிறவன் கதைத்துக்கொண்டே இருப்பான். நீங்கள் நாரி சொல்வதைக் கேளுங்கள்.

மாங்கேணியில் ஒரு ஜீப் நிற்கிறது என்று யோகன் கொண்டுபோனான். ஒரு வீட்டு வளவின் பின்பக்கம், தென்னங்கிடுகால் மூடி வைத்திருந்தது. மங்கல் நீலம். ஏறி இருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அதிசயம். தலை முட்டவில்லை, முழங்கால் முட்டவில்லை, கிளச் காலடிக்கு வந்து நின்றது. முதுகு முழுவதும் சீற்றில் சாய்ந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பத் தேவைப்படவில்லை, ஏற்கனவே என் கண்ணுக்கு நேராக இருந்தது. யாரோ எனக்கு அளவெடுத்துத் தைத்து வைத்த மாதிரி.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

இறங்கிச் சீற்றின் அடியைப் பார்த்தேன். தண்டவாளத்தை வெட்டி, ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி, திரும்ப ஒட்டியிருந்தது. சீற் முதுகின் உச்சியில், என் தலை சாய்கிற இடத்திலேயே, எண்ணெய் பட்டுக் கறுத்த வட்டம் ஒன்று இருந்தது.

"யோகன், பாதர் எவ்வளவு உயரம்?"

"எந்தப் பாதர்?"

"இதை ஓடின பாதர்."

"ஆ, அவரா. அவர் ஒரு நடுத்தரமான ஆள் அண்ணன்."

"நடுத்தரமான ஆள் சீற்றைப் பின்னுக்கு வெட்டி ஒட்டினது என்னத்துக்கு?"

"வயிறு பெருத்த ஆளாக்கும்."

வீட்டில் தவமணிக்குச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "உங்கட நீளத்தில ஒருத்தன் இரிந்திரிக்கான். சீற்றுக் கிடக்கு, ஜீப் கிடக்கு. அவன் எங்க?" என்று கேட்டாள்.

எனக்கும் அதுதான் பயம். அந்த நீளத்தில் இருந்தவன் யார், எந்தப் பக்கத்து ஆள், யாருக்கு வேண்டாதவன்? வாகனத்துக்கு முகம் இல்லை, ஓட்டுகிறவனின் உருவம்தான் அதன் முகம். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு அவனும் நானும் ஒன்றுதான். யாரோ ஒருவருக்கு வரவேண்டியது எனக்கு வந்து முடிந்தால் யாரிடம் போய் ஆள் மாறிவிட்டது என்று சொல்வது?

சுற்றிவர விசாரித்தேன். அந்தக் காலத்தில் விசாரிக்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். ஏன் கேட்கிறாய் என்பதுதான் எல்லோரும் தந்த பதில். இதற்கிடையில் பெருவிரல் இன்னும் தோற்றது. ஒருநாள் செருப்புத் தானாகக் கழன்று பின்னால் நிற்க, நான் அது தெரியாமல் கொஞ்சத் தூரம் நடந்துபோயிருந்தேன். அன்றைக்கே வானைக் கொடுத்து ஜீப்பை எடுத்தேன். மிச்சக் காசை எப்படிச் சேர்த்தேன் என்பது வேறு நோய், அதை இங்கே எழுதவில்லை.

பாதையடிச் சென்றியில் ஆமிக்காரர் ஜீப்பையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள், சட்டைக்கு மேலே இருந்த பெல்ட்டையும் பார்த்தார்கள். பெல்ட்டைக் கண்டதும் நெடுவல் என்று தெரிந்து போகவிட்டார்கள். அவ்வளவுக்கு அந்தக் கோமாளி உடுப்பு எனக்கு அடையாள அட்டை.

அக்கரையில் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தின் சென்றி. அங்கே நின்றவன் என்னை மறிக்க முதலே எழும்பி நின்றுவிட்டான். கிட்ட வந்து முகத்தைப் பார்த்ததும் திரும்பப் போய்க் கதிரையில் இருந்தான்.

"இது ஆர்ட ஜீப்?" என்றான்.

"என்ட."

"முந்தி?"

"பாதர்ட எண்டு சொன்னாங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ணாடிய இறக்கிட்டு ஓடுங்க. முகம் தெரியட்டும்" என்றான்.

யார் என்று நினைத்து எழும்பினாய் தம்பி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். மழையோ வெயிலோ கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓடினேன். ஊருக்குள் போகும்போதும் ஆட்கள் தலையைத் திருப்பினார்கள், முகத்தைப் பார்த்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.  பிள்ளைப்பேற்றுக்காரி ஒருத்தி ஏறும்போது சீற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். குத்து வலியிலும் ஏதோ கேட்கப்போய், புருசன் கையை அமத்தியதும் விட்டுவிட்டாள்.

ஆனால் நாரி சுகமாகிக்கொண்டு வந்தது. அதையும் சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி (மருந்தில்லாமல் உடம்பை அசைத்துச் செய்கிற வைத்தியம்) படிப்பித்தவர் சொன்ன பயிற்சிகளைச் செய்தேன். குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்குவது அதில் ஒன்று. நான் அதைச் செய்யும்போது பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள்ளால் வந்து பார்த்துக் குலைக்கும். எந்தப் பயிற்சி வேலை செய்தது, எவ்வளவு சீற் செய்தது என்று எனக்குத் தெரியாது. மாரி தொடங்கியபோது பெருவிரல் டொக்டரின் விரலை எதிர்த்து நின்றது. அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். இனிப் பெல்ட் வேண்டாம் என்றார்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், ரோட்டு வட்டைப் பக்கம் கிறுகுகிற (திரும்புகிற) இடத்தில் ஒரு வீடு. ஒருநாள் அந்த வீட்டு வேலியடியில் நின்ற பெண் கையைக் காட்டி மறித்தா. நோயாளி ஏற்றத்தான் என்று நினைத்து நிறுத்தினேன். ஏறவில்லை. கதவடிக்கு வந்து, சீற்றின் முதுகில் கையை வைத்தா.

"நாரி நோவெண்டுதான் இதை வெட்டி ஒட்டினவர்" என்றா.

எனக்கு விளங்கியது. இத்தனை நாளாக நான் பயந்து திரிந்த ஆள், என்னைப் போல் நாரி நோக்காரன்.

அவவின் புருசனும் என்னைப் போல் ஆள் ஏற்றி ஓடினவர். காலையில் போனவராம். பின்னேரம் ஜீப் மட்டும் வட்டை ரோட்டில் நின்றது. சாவி அதில்தான் கிடந்தது. அவரின் தமையன் மனம் பொறுக்காமல் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோய் விற்றிருக்கிறார். விற்றது திரும்பி இந்த ரோட்டுக்கே வரும் என்று அவர் நினைக்கவில்லை.

"எந்தப் பக்கம் கொண்டு போனது?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாத கேள்வி.

"தெரிஞ்சா அங்க போய் இரிந்திரிப்பன் தம்பி. ரெண்டு பக்கமும் நாங்க இல்ல எண்டுதான் சொல்றாங்க."

சீற்றில் இருந்து கையை எடுத்தா. பிறகு சொன்னா: "உங்கள வராதேங்க எண்டு சொல்ல ஏலாது. நோயாளிகள ஏத்துறீங்க. ஒண்டு மட்டும் செய்யுங்க. இந்த வளவைத் தாண்டக்குள்ள கைய உள்ளுக்க வச்சிக்கங்க. அவர் கைய வெளியில போட்டுத்தான் வாறவர். தூரத்தில கையக் கண்டா நான் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில அடுப்பில வச்சிடுறன். நீங்க போன பிறகு தண்ணி கொதிச்சுக்கிடக்கும்."

  வெளியே கிடந்த கையை உள்ளே எடுத்தேன். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு அந்த இடம் வர முதலே கையை உள்ளே எடுத்துக்கொள்வேன். தலையையும் கொஞ்சம் தாழ்த்துவேன். குனியக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. மற்ற இடமெல்லாம் நிமிர்ந்து ஓடி, அந்த ஒரு வளவுக்கு மட்டும் குனிந்தேன். நாரி ஒரு இழுவை இழுக்கும். விட்டுவிடும்.

நோவு இருந்த காலத்தில் எனக்கு நேரம் என்றால் நோவுதான். இந்தக் குழி தாண்டியாயிற்று, அடுத்த குழி வரவேண்டும், அவ்வளவுதான் ஒரு நாள். சுகம் வந்தால் அது தெரியாமல்தான் வரும். எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்பு தன்னைத்தான் மறந்துவிடும். உங்களுக்கும் அப்படித்தான் வரும் என்று நம்புகிறேன். வரும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அப்படி மறந்த ஒருநாள், மழை தூறிக்கொண்டிருந்தது, ஆள் ஏற்ற வெறும் ஜீப்போடு போனேன். முதுகு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கையை வெளியே போட்டபடி அந்த வளவைத் தாண்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அவ வேலியடியில் இல்லை. குசினிக் கூரையில் புகை எழும்பியது.

கிளச்சை மிதித்தேன். கால் நன்றாக மிதித்தது. ஜீப்பைக் கிறுக்கிக்கொண்டு வந்து வேலியடியில் நிறுத்தினேன்.

அவ அடுப்படியில் இருந்து வெளியே வந்து, என்னைக் கண்டு, கேத்தில் மூடியோடு நின்றா. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "கொதிச்சிட்டா அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றா.

மழைக்குள் நிற்கவேண்டாம், உள்ளே வரச்சொல்லு என்று அவவின் தாய் வீட்டுக்குள்ளே இருந்து சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போனேன். எந்த வீட்டுக்குள் போனாலும் நான் வாசல் நிலைக்குக் குனிந்துதான் போவேன். என் நெற்றியில் இருக்கிற தழும்புகள் எல்லாம் ஊர் வீடுகளின் வாசல்கள். அங்கேயும் குனிந்தேன். குனிந்தபடி ஓர் அடி வைத்து, தலைக்கு மேலே கையால் தடவிப் பார்த்தேன். நிலை கைக்கு எட்டவில்லை. இன்னும் மேலே, அவரின் நீளத்துக்கு வைத்திருந்தது.

நிமிர்ந்து உள்ளே போனேன்.